மரையும் மலைவழியும்

நுவரெலியாவிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்லும் வழி நெடுவழியன்று; ஏறத்தாழ 32 கிலோமீற்றர். அவ்வழியிற் செல்வோர் இருசாரார். உலக முடிவைக் காண்பதற்காகச் செல்வோர் ஒருசாரார். வழியையும் காண்போம் என்று செல்வோர் மற்றொரு சாரார். முன்னவர் தொகை பெரிது. பின்னவர் தொகை மிகச் சிறிது. அங்கே வாழும் விலங்குகள் பெரும்பாலும் பின்னவருக்கே காட்சி கொடுக்கின்றன. விலங்குகளிடத்தில் ஓரவஞ்சனை ஒன்றுமில்லை. காரணம் கடிகாரத்தில் இருக்கின்றது.

உலக முடிவு என்பது 800 மீற்றருக்கு மேற்பட்ட ஆழமுள்ள செங்குத்தான மலைவிளிம்பு. காலை ஒன்பது, பத்து மணியானதும் கீழிருந்து எழுகின்ற மூடுபனி அதனை மறைத்துவிடுவது வழக்கம். மறைத்தபின் அங்கே நிற்பவன் வெளுத்த வேட்டியொன்றின் முன்னே நிற்பவன் போலாவான். ஆதலால் வண்டிகளெல்லாம் இருளோடு புறப்படுகின்றன. வாயில் திறக்கின்ற ஆறு மணிக்கு அங்கே நின்றாக வேண்டும் என்று ஒன்றையொன்று முந்துகின்றன. இரவெல்லாம் புல்வெளியில் மேய்ந்த மரைகள் காட்டுக்குத் திரும்புகின்ற நேரமும் அதுவே. மனிதர் விரையும் நேரமும் மரை வழி கடக்கும் நேரமும் ஒன்றாய் அமைந்துவிட்டன. விரைபவர் மரையைக் காணார். கண்டால் மிக அண்மையிற் காண்பார். அந்தக் காட்சி இருவருக்கும் நன்றன்று.

வழியின் முற்பகுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மரக்கறித் தோட்டங்கள், அம்பேவலையிற் பாற்பண்ணை, காற்றாலைகள், அப்பால் இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையமாகிய பட்டிப்பொல. பண்ணை மாடுகளைப் படம்பிடிப்பதற்காக வண்டியை நிறுத்துவோர் பலர். அதே மனிதர் பட்டிப்பொல கடந்து காட்டினுள் நுழைந்ததும் கண்ணயர்ந்துவிடுவதும் உண்டு. அவர்களைக் குறைகூறுதல் தகாது; அதிகாலை மூன்று மணிக்கு எழுந்தவர்கள்.

வாயில் கடந்தபின் மரங்கள் குட்டையாகின்றன. காற்றும் குளிரும் அவற்றை நிமிரவிடுவதில்லை. கிளைகளில் பாசி, பாசியினின்று நீர்த்துளி. இடையிடையே காடு விலகிப் புல்வெளி விரிகின்றது. தை, மாசி மாதங்களில் விடியற்புறத்தே அப்புல்லின்மீது உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கும். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றரும் அதற்கு மேலும் உயர்ந்த மேட்டுநிலம் இது. சிங்கள மக்கள் மகா எலிய என்பர்; பெருவெளி என்பது அதன் பொருள். 1831 முதல் 1837 வரை இந்நாட்டை ஆண்ட தேசாதிபதி வில்மட் ஹோர்ட்டனுடைய பெயர் பின்னர் இதற்கு வந்து சேர்ந்தது. 1969 இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988 இல் தேசிய பூங்காவாகவும் இது ஆக்கப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் பிற காடுகளோடு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று பேராறுகளுக்கும் இங்கிருந்து நீர் செல்கின்றது.

காடு முடிந்து புல் தொடங்கும் ஓரமே பார்க்க வேண்டிய இடம். புல்வெளியின் நடுவைப் பார்ப்பவர் ஏமாறுவர். முழு விலங்கைத் தேடுகின்றவரும் ஏமாறுவர். மூடுபனிக்குள் மரையின் உடல் மரத்தடியின் நிறமாகவே இருக்கும். முதலில் தெரிவது அதன் செவி. செவி அசைந்தபின்பே அங்கே தலையுண்டு, கழுத்துண்டு, நாலடிக்கு மேல் உயர்ந்த தோளுண்டு என்பது படிப்படியாகப் புலனாகும். எங்கள் வண்டியைச் செலுத்தியவர் தோட்டத்திற் பிறந்து வளர்ந்த இளைஞர். பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று வண்டியின் இயக்கத்தை நிறுத்தினார்.

“ஐயா, சத்தம் போடாம இடப்பக்கம் பாருங்க. கன்னோட நிக்குது.”

பார்த்தேன். பெண் மரையொன்று எங்களைப் பார்த்தபடி நின்றது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு அதன் கன்றும் நின்றது. மரையைக் கண்ட மகிழ்ச்சி ஒருபுறமிருக்க, அவர் சொன்ன சொல்லே என்னை அதிகமாகப் பிடித்துக்கொண்டது. “தம்பி, மரையின் பிள்ளையைக் குட்டி என்று சொல்வதில்லையா?” என்று கேட்டேன். “மரைக்குக் கன்னுதாங்க ஐயா. குட்டின்னா பன்னிக்குச் சொல்லலாம்” என்றார்.

தொல்காப்பிய மரபியலைப் படித்தவர்கள் இந்த விடையின் அருமையை அறிவர். இளமைப் பெயர்கள் ஒன்பதென வகுத்த ஆசிரியர், கன்று என்னும் பெயரை யானை, குதிரை, கழுதை, கடமை, மான் என்பவற்றுக்கு உரியதாக்கினார். அடுத்து எருமைக்கும் மரைக்கும் அப்பெயர் விலக்கப்படுவதன்று என்றார். மானைக் கூறியபின் மரையைத் தனியே கூறியது ஏன்? அதனை எருமையோடு சேர்த்துக் கூறியது ஏன்? மாணவர் கேட்கும் வினா இது. ஆசிரியர் அதனோடும் நிற்கவில்லை. ஆண்பெயர் கூறுமிடத்தும் மரையைப் பெற்றத்தோடும் எருமையோடும் வைத்து ஏறு என்றார். போத்து என்பதற்கும் அதனை உரியதாக்கினார். பெண்ணை ஆ என்றார், நாகு என்றார். மாட்டுக்கும் எருமைக்கும் உரிய பெயர்களெல்லாம் மரைக்கும் உரியவாயின. இதனால் மரையாவைக் காட்டுப்பசு என்று பொருள்கொண்டாரும் உளர்.

நூலில் மட்டும் மரையைக் கண்டவர்க்கு அப்பொருளும் ஒக்கும். பாதையோரத்தில் அரைமணி நேரம் மரையைப் பார்த்திருந்தவர்க்கு ஐயம் குறையும். புள்ளிமான் துள்ளும், மரை துள்ளுவதில்லை. அடி பெயர்த்து வைக்கும்போது அதனிடத்திலே மாட்டின் நிதானம் காணப்படும். நீரைக் கண்டால் இறங்கும். சேற்றைக் கண்டால் எருமையைப் போலவே கிடந்து புரளும். எங்கள் கண்முன்னே ஒரு போத்து, நீர் தேங்கிய பள்ளத்தில் இறங்கி, முழங்கால் மடித்துப் படுத்து, எழுந்தபோது பாதியுடம்பு கருஞ்சேறாக நின்றது. கொம்பிலே புற்கற்றையொன்று தொங்கியது. இவ்விலங்கை எருமையோடு வைத்தெண்ணியவர் ஏட்டை நோக்கி எண்ணியிருக்க மாட்டார். விலங்கை நோக்கியே எண்ணியிருப்பார். இலங்கைத் தமிழர் இதனையே மரை என்கின்றனர். தொல்காப்பியர் கூறிய மரையும் இதுவே என்பது என் துணிபு. குறுந்தொகைப் பாட்டொன்றில் நெல்லி தின்ற மரையேறு மலைச்சுனை நீரைப் பருகுகின்றது. நெல்லியைச் சமவெளியிலே தேட வேண்டா. கீழே ஊவாப் பக்கத்துப் புல்மலைகளில் அது உண்டு. சுனைக்கு இங்கே குறைவில்லை.

வெள்ளைக்காரர் வந்து இதே விலங்குக்கு இட்ட பெயர் எல்க். அது வடதேசத்துப் பனிக்காட்டிலே வாழும் வேறொரு பெருமானின் பெயர். தம் ஊரிலே கேட்ட பெயரை இங்கே கண்டதற்குச் சூட்டினர். நுவரெலியாவுக்கு அணித்தாக எல்க் பிளேன்ஸ் என்று ஓரிடத்துக்குப் பெயர் நிலைத்ததும் அதனாலேயே. 1848 இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்க் கூட்டத்தோடு இம்மலைகளில் மரையைத் துரத்தித் திரிந்தவர். துரத்திய கதைகளைப் புத்தகமாகவும் எழுதினார். சமவெளியிலுள்ள அருவி இன்றும் அவர் பெயரையே தாங்குகின்றது. அவருக்கு முன் மேஜர் றொஜர்ஸ் என்றொருவர் இருந்தார். 1,400 யானைகளுக்கு மேற் சுட்டவர் என்று பெயர்பெற்றவர். 1845 இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். சமவெளியிலும் ஒருகாலத்தில் யானைகள் இருந்தன. வேட்டையும், கீழே காடழித்துத் தோட்டம் போட்டமையும் சேர்ந்து அவற்றை இல்லாமற் செய்தன. இன்று அங்கே யானை ஒன்றேனும் இல்லை. மரை எஞ்சியது.

எஞ்சிய மரைக்கு இப்போது வந்துள்ள இடர் துப்பாக்கியாலன்று, பணிசாலே வந்தது.

வண்டிகள் நிறுத்துமிடத்தில், முன்னொருகால் வேட்டைவிடுதியாயிருந்த பார் இன் கட்டடத்துக்குப் பக்கத்தில், கொம்புள்ள மரைகள் பட்டப்பகலில் வந்து நிற்கின்றன. விடியலிலிருந்து கண்ணைச் சுருக்கித் தேடியும் ஒன்றையும் காணாதவர்கள் இங்கே வந்ததும் ஆரவாரிக்கின்றனர். “மான், மான்” என்று பிள்ளைகள் கூவுகின்றனர். இம்மேட்டிலே புள்ளிமான் கிடையாது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. தகப்பனார் ஒருவர் பிள்ளையின் கையிலே பணிசைக் கொடுத்து, பிள்ளையை மரையின் வாய்க்கு நேரே நிறுத்திப் படம்பிடித்தார். அம்மரை இருநூறு கிலோவுக்குக் குறையாது. கொம்பின் ஒவ்வொரு கிளையும் பிள்ளையின் கண்ணுக்கு நேராக இருந்தது. படம் நன்றாகவே வந்திருக்கும்.

“ஐயா, இது நம்மளப் பார்க்க நிக்கல. பாணுக்கு நிக்குது” என்றார் எங்கள் தம்பி.

விலங்குகளுக்கு உணவு கொடுத்தல் ஆகாது என்னும் கட்டளை அங்கே உண்டு. நடைபாதை தொடங்குமிடத்திலே பைகளைச் சோதித்துப் பொலித்தீன் உறைகளை நீக்கியே உள்ளே விடுகின்றனர். அச்சோதனை வேண்டியதே. ஆனால் வண்டிக்குள்ளிருக்கும் உறையை யார் சோதிப்பது? யன்னல் வழியாக அது விழுந்தால் மரை அதனை நுகர்கின்றது. உறையிலே உப்பும் இனிப்பும் ஒட்டியிருக்க, உறையோடு விழுங்கிவிடுகின்றது. மரை அசைபோடும் விலங்கு. மாடு வளர்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பொலித்தீன் செரியாது, வெளியேறவும் மாட்டாது, இரைப்பையிற் சுருண்டு கிடக்கும். வயிறு நிறைந்திருப்பதாகவே விலங்கு எண்ணும், உடம்போ மெலியும். வேட்டைநாயிடமிருந்து ஓடத் தெரிந்த விலங்குக்கு, நீட்டிய கையிலிருந்து ஓடத் தெரியவில்லை.

மந்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமவெளியிலிருந்து ஓகியா புகையிரத நிலையத்துக்கு இறங்குகின்ற வழி ஏறத்தாழ 11 கிலோமீற்றர். காட்டினூடே வளைந்து வளைந்து செல்வது. காலையில் அவ்வழியே செல்வோர் மரவுச்சியிலிருந்து வருகின்ற கரகரத்த பெருங்குரலைக் கேட்பர். கேட்டுப் பயந்தவரும் உளர். குரலின் பருமனுக்கு ஏற்ற உடம்பு அதற்கு இல்லை. கரிய முகம், கன்னத்தில் வெளுத்த மயிர், நீண்ட வால், உடம்பெல்லாம் கம்பளி போர்த்தாற் போன்ற அடர்ந்த மயிர். குளிருக்காக அமைந்த இம்மயிரைக் கண்டே ஆங்கிலேயர் கரடிக் குரங்கு என்றனர். இவ்வினம் இலங்கைக்கே உரியது. நம்மவர் ஆணையும் பெண்ணையும் பிரிக்காமல் மந்தி என்பர். மரபியலோ குரங்கு, முசு, ஊகம் ஆகிய மூன்றின் பெண்ணையே மந்தி என்கும். முசுவின் ஆணைக் கலை என்கும். கரிய முகத்தது என்று பழம்பாட்டுக்கள் கூறும் முசுவுக்கு இது நெருங்கிய உறவு. மரையின் கன்றைச் சரியாகச் சொன்ன வழக்கு மந்தியில் மட்டும் சற்று நெகிழ்ந்துவிட்டது. அதற்காக மலைநாட்டாரைத் திருத்தப் புகுதல் வேண்டாத வேலை.

மந்தியின் கூட்டம் பாணுக்கு வருவதில்லை. இலையும் காயும் போதும் அதற்கு. ஆதலால் அதனை அதனிடத்திலே காணலாம். கிளைவிட்டுக் கிளை தாவும்போது பனித்துளி மழையாய்ச் சொரியும். தாவுமுன் ஒருகணம் கிளையை அசைத்துப் பார்க்கும். அந்த ஒருகணத்துக்காக வண்டியை நிறுத்தலாம்.

வண்டியை நிறுத்தினாலும் காணமுடியாதனவும் இவ்வழியில் உண்டு. அவற்றிலொன்று கொம்பு மூக்கோணான். ஆணுக்கு மூக்கு நுனியிலே கூரிய சிறு கொம்பு இருக்கும். பாசி படிந்த மரத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். கையெட்டும் தூரத்திலிருந்தாலும் இலைக்காம்பு என்றே கண் சொல்லும். உலகிலே இலங்கை மலைநாட்டில் மட்டுமே உள்ள உயிர் அது. மற்றொன்று இம்மேட்டுக்குரிய தேவாங்கு, குறுங்கையும் அடர்மயிரும் உடையது, இரவிலே திரிவது. 1937 இல் அறியப்பட்டபின் நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாமையால் அற்றுப்போயிற்று என்றே கருதப்பட்டது. ஆராய்ச்சியாளர் இரவிரவாகத் தேடி எடுத்த அதன் படம் 2010 இல் உலகுக்கு வெளியாயிற்று. அத்தனை காலமும் அது காட்டிலேதான் இருந்தது.

சிறுத்தையைக் கண்டேன் என்று எழுதத்தான் எவரும் விரும்புவர். நான் காணவில்லை, அது நடந்த தடத்தைக் கண்டேன். ஈரமண்ணில், வண்டிச் சில்லின் தடத்துக்குமேல், நகம் பதியாத நான்கு விரல்களும் உள்ளங்காலும். எங்களுக்கு முன்சென்ற வண்டிக்குப் பின்னும், எங்களுக்கு முன்னும் அது கடந்திருக்கிறது. இலங்கையில் வேங்கைப்புலி இல்லாமையாற் சிறுத்தையே காட்டுக்கு அரசு. இம்மேட்டில் அதற்கு முதன்மையான இரை மரை. சிறுத்தை வந்திருப்பதை மரையிடமிருந்து அறியலாம். மரை முன்காலால் நிலத்தைத் தட்டும், வாலை நிமிர்த்தும், உலோகத்தைத் தட்டினாற் போன்ற ஒற்றைக் குரல் கொடுக்கும். மந்தி மேலிருந்து அதற்கு மறுமொழி சொல்லும். அப்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அந்த மரை எந்தத் திசையைப் பார்க்கின்றதோ அந்தத் திசையைப் பார்க்க வேண்டும். படப்பெட்டியைத் தேடுகின்றவன் அதனை இழந்துவிடுவான்.

சமவெளியின் எல்லைக்கல் சிறுத்தைக்குத் தெரியாது. அக்கரப்பத்தனை, அற்றன், மஸ்கெலியா முதலான பகுதிகளின் தேயிலை மலைகளிலும், லயங்களுக்கு மேலேயுள்ள சிறுகாடுகளிலும் அது திரிகின்றது. வண்டியிற் செல்வோருக்குச் சிறுத்தை ஒரு பேறு. கொழுந்து கொய்யப் போகும் பெண்ணுக்கு அது அப்படியன்று. செடிக்கடியில் உறங்கிக் கிடந்த சிறுத்தை திடுக்கிட்டெழுந்து பாய்ந்ததால் காயப்பட்ட தொழிலாளர் பலர். நாய் காணாமற்போவது சாதாரணம். இதனைக் கூறாமல் சிறுத்தையின் அழகை மட்டும் எழுதுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி. நாங்கள் சென்ற வண்டியைச் செலுத்தியவரின் தாயார் முப்பது ஆண்டு கொழுந்து கொய்தவர். சிறுத்தையைப் பற்றிப் பேசும்போது அவர் குரலிலே பயம் இருந்தது, பகை இருக்கவில்லை. “அதுக்கும் போக்கிடம் இல்லிங்க ஐயா” என்றார்.

மரக்கறித் தோட்டங்களைப் பன்றி கிண்டுகின்றது. பன்றிக்கென்று கம்பிச் சுருக்கு வைக்கின்றனர். சுருக்குக்குப் பன்றி இது, சிறுத்தை இது என்ற பேதம் தெரியாது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணியை அடுத்த லக்ஷபான தோட்டப் பகுதியில் கரிய சிறுத்தையொன்று அவ்வாறு அகப்பட்டது. இலங்கையிற் காண்பதற்கு மிக அரிய நிறம். அது வாழ்கின்றது என்பதையே பலர் அது சுருக்கிற் கிடந்தபோதுதான் அறிந்தனர். கம்பி கழுத்தை அறுத்திருந்தது. உடவளவைக்குக் கொண்டுசென்று மருத்துவம் செய்தும் சில நாட்களில் இறந்துவிட்டது. அதன் உயிர்ப்படத்தை விடச் சுருக்கிற் கிடந்த படத்தைக் கண்டவர்களே அதிகம்.

மாலையிலே வாயில் மூடுமுன் வெளியேற வேண்டும் என்பது விதி. பெரும்பாலான வண்டிகள் நண்பகலோடு சென்றுவிடுகின்றன. உலக முடிவைப் பார்த்தாயிற்று, இனி என்ன என்பது அவர்கள் எண்ணம். நாங்கள் நான்கு மணிக்குமேல் ஓகியா வழியாக மெல்ல இறங்கினோம். புல்வெளிகளில் ஆள் இல்லை. காட்டோரத்திலிருந்து மரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரத் தொடங்கின. தலையைத் தாழ்த்தி மேய்வதும், நிமிர்ந்து செவியைத் திருப்புவதுமாக இருந்தன. ஓரிடத்தில் ஒரு கூட்டம் வழியைக் கடக்க வந்து, எங்களைக் கண்டு தயங்கிற்று. தம்பி இயந்திரத்தை நிறுத்தி விளக்கையும் அணைத்தார். பின்னால் வந்த வண்டியொன்று ஊதுகுழலை அழுத்திற்று. அவர் இறங்கிச் சென்று அந்தச் சாரதியிடம் ஏதோ சொன்னார். அந்த வண்டியின் விளக்கும் அணைந்தது. முன்னே நின்ற கிழட்டு மரையா முதலிற் காலெடுத்து வைத்தது. மற்றவை தொடர்ந்தன. எண்ணிக்கொண்டிருந்தேன், 11. கடைசியாகக் கடந்தது கன்று.